ஹிஸ்டோபேக் 1077, 1119: சொரியாசிஸ் ரத்தத்துக்குப் போதுமா?

ஹிஸ்டோபேக் என்பது ரத்த செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் திரவம்; 1077, 1119 என்பவை அடர்த்தி வேறுபட்ட இரண்டு வகைகள். நோயில்லாதவரின் ரத்தத்தில் நியூட்ரோபில்களை (ஒரு வகை வெள்ளையணு) பிரிக்க இவற்றின் இரட்டை அடுக்கு நம்பகமானது. சொரியாசிஸ் என்னும் தோல் அழற்சி நோய் உள்ளவரின் ரத்தம் என்றால் பாதி வேலைதான் முடிகிறது.

குழாயில் 1119 திரவம் 3 மி.லி., அதன்மேல் 1077 திரவம் 3 மி.லி., அதற்கும் மேல் ரத்தம் 6 மி.லி. பிப்பெட் நுனியைக் குழாய்ச் சுவரில் ஒட்டிவைத்து மெல்ல விட்டால் அடுக்குகள் கலங்காது. பிறகு சென்ட்ரிஃப்யூஜில் (சுழற்றிப் பிரிக்கும் கருவி) அறை வெப்பத்தில் 700 ஜி விசையில் 30 நிமிடம். பிரேக் போடக் கூடாது. மேல் வளையத்தில் லிம்போசைட், மோனோசைட் என்னும் வெள்ளையணுக்கள், இரண்டு திரவங்களும் சந்திக்கும் கீழ் வளையத்தில் கிரானுலோசைட் (பெரும்பாலும் நியூட்ரோபில்), அடியில் சிவப்பணு.

பெரும்பாலும் சொதப்புவது வெப்பநிலை. பாட்டிலை வைப்பது 2–8 டிகிரியில். குளிர் போகாமல் ஊற்றினால் திரவத்தின் அடர்த்தி கூடியிருக்கும். கிரானுலோசைட் சரியாக இறங்காமல் மேல் வளையத்தில் கலந்துவிடும். வெளிச்சமும் ஆகாது.

கீழ் வளையம் இளஞ்சிவப்பாக வந்தால் சிவப்பணு கலந்திருக்கிறது; அதை உடைக்க 0.2% உப்புக் கரைசல் 30 வினாடி, உடனே உப்பளவைச் சரிசெய்ய அதே அளவு 1.6% கரைசல். நேரம் கூடினால் நியூட்ரோபிலும் அடிபடும். கழுவும் கரைசலில் கால்சியம், மக்னீசியம் இருந்தால் செல்கள் கட்டி தட்டும். வோர்டெக்ஸில் (குழாயை வேகமாக அதிரவைக்கும் கருவி) வைத்து ஆட்டவே வேண்டாம்; கலக்கியதிலேயே செல் தூண்டப்பட்டுவிட்டால் பிறகு எந்தச் சோதனையை நம்புவது?

இனிதான் முக்கியமான குறை. சொரியாசிஸில் நியூட்ரோபில்களில் ஒரு பகுதி அடர்த்தி குறைந்து, லிம்போசைட்டோடு மேல் வளையத்திலேயே தங்கிவிடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயிலும் இப்படித்தான். தூண்டாமலேயே டிஎன்ஏ வலையை (கிருமியைப் பிடிக்க நியூட்ரோபில் விடும் வலை) வெளியே வீசும் பழக்கம் இவற்றுக்கு அதிகம். கீழ் வளையத்தை மட்டும் எடுத்து டைஹைட்ரோரோடமின் சோதனை (நியூட்ரோபில் உண்டாக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருளை ஒளிர்வால் அளப்பது) செய்தால் இவை கணக்கிலேயே வராது. மேல் வளையத்தை அப்படியே லிம்போசைட் என்று எடுத்துக்கொண்டால், நியூட்ரோபில் புரதங்கள் லிம்போசைட் பெயரில் பதிவாகும்.

ஆகவே மேல் வளையத்தையும் சிடி15, சிடி14, சிடி10 என்னும் செல் மேற்பரப்பு அடையாளங்களுக்கான சாயம் போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் கருவி) பார்த்தாக வேண்டும். சிடி15 தூக்கலாகவும் சிடி14 மங்கலாகவும் இருந்து, சிடி10-உம் தெரிந்தால் அவைதான் அடர்த்தி குறைந்த நியூட்ரோபில்கள். ஆனால் எடுத்து நெடுநேரமான ரத்தத்திலும் நியூட்ரோபில் தூண்டப்பட்டு மேலே மிதக்கும். நோயாளி ரத்தமும் ஒப்பீட்டு ரத்தமும் ஒரே வகைக் குழாயில், ஒரே இடைவெளியில், ஒரே சுற்றில் ஓட வேண்டும். வாயால் ஸ்டீராய்டு எடுப்பவரின் ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கையே கூடியிருக்கும்; மருந்து விவரத்தைக் குழாய் எண்ணோடு எழுதி வையுங்கள்.

நியூட்ரோபில் மொத்தமும் வேண்டுமென்றால் காந்தமணி வழியாக மற்ற செல்களை நீக்கும் கிட் மேல். செலவு கூடும், ஆனால் அடர்த்தி குறைந்தவை கைவிட்டுப் போகாது.