குருநகரில் பழைய இஞ்சினுக்கு ஒரு நல்ல கை

யாழ்ப்பாணம் குருநகர்க் கரையோரம் படகு இஞ்சின் திருத்திற அண்ணை ஒருத்தர் இருக்கிறார். தகரக் கொட்டில்தான், பெயர்ப்பலகை இல்லை. என்ர இஞ்சின் அப்பா காலத்து 15 குதிரைவலு யமஹா, படகுக்குப் பின்னால பூட்டுறது, மண்ணெண்ணெயில ஓடுறது, வேகம் குறைச்சால் நிண்டுபோகும். வேறொருத்தர் காபுரேட்டரை (எரிபொருளைக் காத்தோட கலந்து குடுக்கிறது) மாத்தச் சொன்னவர். இந்த அண்ணை முதல்ல தீப்பொறி குடுக்கிற பிளக் இரண்டையும் கழட்டி வெயிலில பிடிச்சுப் பார்த்தார். ஒண்டு நல்ல மண்ணிறம், மற்றது கரி பிடிச்சு ஈரம். “ஒரே காபுரேட்டர்தானே தம்பி இரண்டு சிலிண்டருக்கும் குடுக்குது? பிழை அதிலயெண்டால் இரண்டும் கறுத்திருக்கும்.” பார்த்தால், கறுத்த பிளக்கின்ர மூடியை உப்பு அரிச்சிருந்தது, பொறி சரியா வரேல்லை. வயர் நுனியை வெட்டிப் புது மூடி போட்டார், அவ்வளவுதான்.

கியர் எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில வந்தது, தண்ணி போயிருக்கு. தண்ணி போகாமல் தடுக்கிற சீலோட, இஞ்சினைக் குளிராக்கிற தண்ணிப் பம்பின்ர இம்பெல்லரையும் (சுத்துற றப்பர் சில்லு) மாத்தினார். தண்ணிப் பீப்பாவில ஓடவிட்டு, சூடேறின பிறகுதான் ஐட்லிங் திருகாணியில (சும்மா நிக்கேக்க ஓடுற வேகத்தைச் சரிபண்ணுறது) கைவைச்சார். நிப்பாட்ட முதல் கொஞ்சநேரம் பெற்றோலில ஓடவிடச் சொன்னார், அப்பத்தான் அடுத்தநாள் லேசா ஸ்டார்ட் வருமாம்.

கூலி நியாயம். ஆனால் நாள் சொல்லமாட்டார், போனும் எடுக்கார். தொழிலுக்குப் போறவையின்ர இஞ்சினுக்குத்தான் முதலிடம், அது சரிதானே. காலமை வெள்ளன போங்கோ.