மந்திரத்தையும் கட்டிப் பார்க்கலாம்: ஆர்ஸ் நூவோ மாட், ஒரு மதிப்புரை

மைன்கிராஃப்டில் எதை வேண்டுமானாலும் கட்டலாம், மந்திரத்தைத் தவிர. பிளாக் பிளாக்காக அடுக்கி ஒரு நகரத்தையே எழுப்பவிடும் விளையாட்டு, மந்திரம் என்று வந்ததும் நம் கையில் ஒரு லாட்டரிச் சீட்டைத் திணிக்கிறது. கருவிகளிலும் ஆயுதங்களிலும் மந்திரம் ஏற்றும் மேசையான என்சான்டிங் டேபிளைத்தான் சொல்கிறேன். 2011 நவம்பரில் 1.0 பதிப்போடு வந்தது. நாலு அப்சிடியன், இரண்டு வைரம், ஒரு புத்தகம் போட்டுச் செய்ய வேண்டும். சுற்றிலும் 15 புத்தக அலமாரிகள், அவற்றுக்கும் டேபிளுக்கும் நடுவே ஒரு பிளாக் காலி இடம். இத்தனையும் செய்து, 30 லெவல் வரை ஏறி வந்து, மூன்று லெவலும் லாபிஸ் என்கிற நீலக் கல் மூன்றும் கொடுத்தால் பிக்காக்ஸில் என்ன ஏறும்? ஒரே ஒரு மந்திரத்தைக் கோடி காட்டும். மீதி உங்கள் அதிர்ஷ்டம். காட்டியது பிடிக்கவில்லையா, ஏதாவது ஒரு வெறும் புத்தகத்துக்கு ஒரு லெவலைத் தண்டம் அழுதால்தான் பட்டியல் மாறும். அதில் மினுங்குகிற புரியாத எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொண்டாலும் பயனில்லை. அவற்றுக்கும் ஏறப்போகிற மந்திரத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

சரி, இரண்டு மந்திரத்தை அன்வில் என்கிற பட்டறைக்கல்லில் சேர்த்துக்கொள்ளலாம் என்றால், ஒவ்வொரு முறை தட்டும்போதும் அடுத்த முறைக்கான அபராதம் 1, 3, 7, 15, 31 என்று ஏறிக்கொண்டே போகும். மொத்தச் செலவு 40 லெவலைத் தொட்டால் வழக்கமான சர்வைவல் ஆட்டத்தில் அன்வில் மறுத்துவிடும்.

நியாயமாகச் சொன்னால், இதே விளையாட்டில் மருந்து காய்ச்சும் பகுதி எவ்வளவோ மேல். நெதர் வார்ட்டில் ஆரம்பித்துச் சர்க்கரை சேர்த்தால் மூன்று நிமிட வேகம் கிடைக்கும். அதில் ரெட்ஸ்டோன் போட்டால் எட்டு நிமிடமாக நீளும். கிளோஸ்டோன் போட்டால் வேகம் கூடும், ஆனால் நேரம் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கும். புளிக்கவைத்த சிலந்திக் கண்ணைப் போட்டால் வேகம் மந்தமாகத் திரும்பிவிடும். ஒன்றைத் தெரிந்துகொண்டால் அடுத்ததை ஊகிக்கலாம். எனக்கு மந்திரத்தில் வேண்டியது இதுதான். ஆர்ஸ் நூவோ இந்த ஊகத்துக்கு இடம் கொடுத்து, அதை முழு விளையாட்டுக்கும் விரித்த மாட், அதாவது ஆட்டக்காரர்களே எழுதி விளையாட்டில் சேர்க்கிற கூடுதல் நிரல். ஜாவா பதிப்புக்கு மட்டும், இலவசம்.

நான் இதை வெறும் ஆட்டக்காரனாகப் பார்க்கவில்லை. 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த லுவான்டி என்கிற இன்னொரு பிளாக் விளையாட்டுத் தளத்தில், சொந்தமாக ஒரு மந்திர மாட் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் எந்த மாடைத் திறந்தாலும், இதில் எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்ற கண்ணோடுதான் பார்ப்பேன்.

ஆர்ஸ் நூவோவில் மந்திரப் புத்தகத்தைத் திறந்தால் கிளிஃப் என்கிற சின்னங்கள் வரும். மூன்று வகை. மந்திரம் எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பது முதல் வகை: எறிவது, தொடுவது, தனக்கே போட்டுக்கொள்வது. போய்ச் சேர்ந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவது: உடை, எரி, வெளிச்சம் வை, பயிரை அறுவடை செய், மேலே தூக்கி எறி, இப்படி நிறைய. மூன்றாவது வகை, இரண்டாவதைத் திருத்துவது: பலம் கூட்டு, பரப்பை அகலமாக்கு, ஆழமாக்கு, நேரத்தை நீட்டு. திருத்தும் கிளிஃப், தனக்கு இடப்பக்கம் இருக்கிற கிளிஃப்பைத்தான் திருத்தும். வரிசை மாறினால் பலன் மாறும்.

உதாரணத்துக்கு, ‘எறி, உடை’ என்று வைத்தால் தூரத்தில் இருக்கும் ஒரு பிளாக் உடையும். பின்னால் பலம் கூட்டினால் இன்னும் கெட்டியான பிளாக்குகளும் உடையும். பரப்பைக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவையும் சேர்ந்து போகும். ‘எக்ஸ்ட்ராக்ட்’ சேர்த்தால் பிளாக் சேதமில்லாமல் அப்படியே கையில் வரும். ‘ஃபார்ச்சூன்’ சேர்த்தால் தாது அதிகம் கிடைக்கும். இந்த இரண்டும் ஒன்றாகச் சேராது. என்சான்டிங் டேபிளில் அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருந்த அதே சில்க் டச்சும் (பிளாக்கைச் சேதமில்லாமல் எடுப்பது) ஃபார்ச்சூனும் இங்கே நாமே எடுத்து மாட்டிக்கொள்கிற உதிரிப் பாகங்களாகிவிட்டன.

நான் அதிகம் ரசித்தது ‘டிலே’ என்கிற கிளிஃப். அதற்கு வலப்பக்கம் வருவதெல்லாம் சற்றுத் தாமதமாக நடக்கும். ‘தனக்கே, மேலே எறி, பலம் கூட்டு, டிலே, மெதுவாக இறங்கு’ என்று ஒரு மந்திரம் கட்டினேன். சர்ரென்று மேலே போய், உச்சியில் ஒரு கணம் வயிறு கலங்கி, அப்புறம் இறகுபோல இறங்கலாம். டிலே இல்லாமல் இதே மந்திரத்தைப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். மெதுவாக இறங்கும் நேரத்தில் பாதி மேலே ஏறுவதற்கே செலவாகிவிடும். தாமதத்தை நீட்டலாம், குறைக்கலாம். நான் கட்டிய கோபுரத்தின் உயரத்துக்குத் தக்கபடி அதைச் சரிசெய்துகொண்டே ஒரு மாலை முழுவதும் போயிற்று. மந்திர மாட் ஒன்றில் இப்படி உட்கார்ந்து அளவு பார்க்க வைத்தது எனக்கு இதுதான்.

கட்டுகிறவர்களுக்கு இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது: ‘எக்ஸ்சேஞ்ச்’. ஒரு கருங்கல் சுவர் கட்டி முடித்துவிட்டீர்கள், இப்போது பார்த்தால் செங்கல்தான் பொருத்தம் என்று தோன்றுகிறது. வழக்கமாக என்றால் ஒவ்வொன்றாக உடைத்து ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மந்திரத்தை எறிந்தால், ஹாட்பாரில், அதாவது திரையின் அடியில் கைக்கெட்டும் சாமான் வரிசையில், இருக்கும் பிளாக் சுவரில் போய் உட்கார்ந்துகொள்ளும், சுவரில் இருந்தது சேதமில்லாமல் வெளியே வரும். பரப்பைக் கூட்டினால் சுவர் பத்தை பத்தையாக நிறம் மாறும். ஹாட்பாரில் மற்ற பிளாக்கையெல்லாம் இறக்கிவிட்டு இதைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் சுவரில் மண் முளைக்கும். இதே மந்திரத்தை ஓர் உயிரினத்தின் மேல் எறிந்தால் நீங்களும் அதுவும் இடம் மாறிக்கொள்வீர்கள். பிளாக்குக்கு ஒரு விதி, உயிருக்கு அதே விதியின் நீட்சி. வடிவமைப்பில் இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். புதிதாக ஒரு மந்திரத்தைக் கண்டுபிடிப்பதைவிட, இருக்கிற மந்திரத்துக்கு இன்னொரு பொருளில் வேலை கொடுப்பது கடினம்.

சண்டை பற்றிப் பேச அதிகம் இல்லை. எறி, அடி, பலம் கூட்டு. எல்லாரும் கடைசியில் ஏறக்குறைய ஒரே மந்திரத்தில்தான் வந்து நிற்பார்கள்.

ஆனால் மந்திரத்தைப் புத்தகத்திலிருந்து கழற்றி உலகத்தில் நட்டுவிடலாம் என்பது பெரிய விஷயம். சுண்ணக்கட்டியால் தரையில் ரூன் என்கிற மந்திரக் குறியை வரைந்து, அதில் மந்திரத்தைப் பதித்தால், மிதிக்கிறவர் மேல் அது வேலை செய்யும். டர்ரட் என்று ஒரு பிளாக் இருக்கிறது, அதில் மந்திரத்தை எழுதி, மைன்கிராஃப்டில் மின்சாரம் மாதிரி வேலை செய்கிற ரெட்ஸ்டோனால் சிக்னல் கொடுத்தால் அதுவே மந்திரம் போடும். அறுவடை மந்திரம் போட்ட டர்ரட்டை வயல் ஓரமாக நிறுத்தி, ஒரு ரெட்ஸ்டோன் கடிகாரத்தை இணைத்துவிட்டால் போதும். என் அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டு, “மாமா, இது மந்திரமே இல்ல, ரெட்ஸ்டோன்ல இன்னொரு பார்ட்” என்றான். குறையாகத்தான் சொன்னான். எனக்கு அது பாராட்டாகப் பட்டது. அடுத்த நாள் என் வீட்டு வாசலில் ரூன் வரைந்து, மேலே தூக்கி எறிகிற மந்திரத்தை வைத்து, நான் உள்ளே நுழைந்ததும் கூரையில் மண்டை இடிக்கிற மாதிரி செய்து வைத்திருந்தான். அவனுக்கும் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

குறை சொல்ல வேண்டுமென்றால் மானா என்கிற மந்திர சக்தியில்தான் ஆரம்பிக்க வேண்டும். புத்தகத்திலிருந்து போடும் மந்திரத்துக்கு மானா செலவாகும், அது தானாகவே ஊறிவிடும். ஆரம்பத்தில் இது ஒரு கட்டுப்பாடு. நல்ல உடையும் மேல்படிப் புத்தகமும் வந்த பிறகு மானாப் பட்டையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காத்திருப்பது மட்டுமே விலை என்றால் அது விலையே இல்லை. டர்ரட், ரூன் போன்றவற்றுக்குச் செலவாகும் ‘சோர்ஸ்’ இதைவிட எவ்வளவோ நன்றாக யோசிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் பயிர் வளர்ந்தால் ஒரு கருவி சோர்ஸ் சேர்க்கும், விலங்கு குட்டி போட்டாலோ உயிர்கள் செத்தாலோ இன்னொன்று, பொருள் எரிந்தால் வேறொன்று. எல்லாம் ஜாடியில் வந்து நிற்கும். ஆக, உங்கள் தோட்டத்தை எங்கே போடுகிறீர்கள் என்பதும் மந்திரத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. தங்கத் துண்டைக் கொடுத்தால் பழகிவிடும் ஸ்டார்பங்கிள் என்கிற குட்டிப் பிராணி சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும், அது வேறு கதை. இந்தச் சோர்ஸையே புத்தகத்துக்கும் வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

இன்னொரு சங்கடம் பரப்பு. இது இந்த மாடுக்கு மட்டும் உரிய பிரச்சினை கிடையாது, பிளாக் விளையாட்டில் மந்திரம் செய்ய நினைக்கிற எல்லாருக்கும் இருக்கிறது. பக்கத்துக்கு 3 பிளாக் உள்ள ஒரு கனசதுரத்தில் 27 பிளாக்குகள். 5 என்றால் 125. 11 என்றால் 1331. திருத்தும் கிளிஃப் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான விலை வைத்தால், விலை படிப்படியாக ஏறும், உடைகிற பிளாக்குகள் பாய்ந்து ஏறும். ஒருவர் ஒரே அழுத்தத்தில் மலையைத் தின்றுவிடுவார். சர்வரும் மூச்சு வாங்கும். ஆர்ஸ் நூவோ இதைப் புத்தகத்தின் இடத்துக்கு வரம்பு வைத்துச் சமாளிக்கிறது. வேலை நடக்கிறது, ஆனால் விதியாக மனசில் தங்கவில்லை. என் மாடில் தொட்ட பிளாக்குகளை எண்ணி விலை போடுகிறேன். இருபது பிளாக் உடைந்தால் இருபது பிளாக்குக்கான கட்டணம்.

இதற்கு முந்தின பெரிய மந்திர மாடான தாம்கிராஃப்ட்டை விளையாடியவர்களுக்கு ஆர்ஸ் நூவோ கொஞ்சம் சுத்தமாக, வாசனையில்லாமல் தெரியலாம். அங்கே காற்று, நீர், நெருப்பு, மண், ஒழுங்கு, சிதைவு என்று ஆறு அடிப்படைக் கூறுகள். உலகத்தில் உள்ள பொருளையெல்லாம் அவற்றாகப் பிரித்து ஆராய வேண்டும், தப்பாகப் போனால் மனசே கோணலாகும். மர்மம் உண்டு. ஆனால் யாரோ எழுதி வைத்ததைத்தான் கண்டுபிடிக்கிறோம், நம்முடையது என்று ஒன்றும் செய்வதில்லை.

நம்முடையது என்று செய்ய வேண்டுமென்றால் அதன் உச்சம் ஹெக்ஸ் காஸ்டிங் என்கிற இன்னொரு மாட். கோலை எடுத்து, அறுகோணக் கட்டத்தில் கோடு இழுத்து வடிவங்கள் வரைய வேண்டும். ஒவ்வொரு வடிவமும் ஒரு கட்டளை. ஆர்ஸ் நூவோவில் இரண்டே கிளிஃப்பில் முடிந்த ‘தூரத்துப் பிளாக்கை உடை’ இங்கே எப்படி என்று பாருங்கள்: நான், என் கண் இருக்கும் இடம், மறுபடி நான், நான் பார்க்கும் திசை, அந்தக் கோட்டில் முதலில் இடிக்கும் பிளாக், அதை உடை. ஆறு வடிவங்கள். ஒவ்வொன்றின் விடையும் ஓர் அடுக்கின் மேல் போய் உட்கார, அடுத்த வடிவம் அதை எடுத்துப் பயன்படுத்தும். சுத்தமான நிரலாக்கம். செலவு அமெதிஸ்ட்டில். ஆக, குகைக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்தால்தான் மந்திரம், தானாக ஊறும் மானா இல்லை. வீச்சுக்கும் ஓர் எல்லை உண்டு, சாதாரணமாக உங்களைச் சுற்றி 32 பிளாக் தூரம். அதைத் தாண்டிக் குறிவைத்தால் கையில் இருக்கும் பொருள் பிடுங்கப்பட்டு, குறிவைத்த திசையிலேயே வீசப்படும். ‘அனுமதி இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டுவதைவிட இது எத்தனை அழகு.

யாருக்கு எது? விளையாடவும் வேண்டும், கட்டவும் வேண்டும், கூடவே நண்பர்களும் சர்வரில் இருக்கிறார்கள் என்றால் ஆர்ஸ் நூவோ போடுங்கள். முதல் நாளே ஏதாவது செய்துவிடலாம், ஒரு மாதம் கழித்தும் புதிதாக ஏதாவது அகப்படும். விளையாட்டுக்குள் நிரல் எழுதப் பிடிக்கும் என்றால் ஹெக்ஸ் காஸ்டிங். அதில் பிழைகளுக்கெல்லாம் தண்டனை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பொறி பறக்கும். எனக்குப் பிடித்தது கணக்குப் பிழைக்கான தண்டனை: பூஜ்யத்தால் வகுத்தால் மிச்சம் இருக்கும் உயிரில் பாதி போய்விடும். அந்த விதியை மட்டும் அப்படியே சுட்டு என் மாடில் போட்டிருக்கிறேன். அக்கா மகன் இன்னும் வகுத்துப் பார்க்கவில்லை.