புது எஸ்ப்ரெஸோ மெஷின் என்று பழசைத் தலையில் கட்டினார்கள், ரூ.38,500 போச்சு

வீட்டுக்கு எஸ்ப்ரெஸோ மெஷின் வாங்கத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள். புதுசு, பெட்டி பிரிக்காதது, ஓராண்டு கம்பெனி வாரண்டி என்று சொல்லி ரூ.38,500 வாங்கிக்கொண்டு, யாரோ ஓட்டித் தேய்த்த மெஷினை அனுப்பியிருக்கிறார்கள். காபி உபகரணங்கள் மட்டும் விற்பதாகச் சமூக வலைத்தளத்தில் பக்கம் நடத்தும் கடை அது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை. எப்படி நம்பவைக்கிறார்கள், மெஷினில் எங்கே பார்த்தால் குட்டு உடையும், எந்த மெஷின் வாங்கலாம் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் நம்பவைத்த விதம். பெட்டியில் ‘15 பார்’, ‘20 பார்’ என்று கொட்டை எழுத்தில் போடுவது இந்த வியாபாரத்தில் வழக்கம். தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும்போது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம் அது. எஸ்ப்ரெஸோவுக்குத் தூளின் மேல் 9 பார் அழுத்தம் போதும். அதற்கு மேல் ஏறுவதை ஓவர் பிரஷர் வால்வு திருப்பித் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். இதை அந்தக் கடைக்காரர் கேட்காமலே சொன்னார்: “பதினஞ்சு பார், இருபது பார்னு போடுறதெல்லாம் சும்மா சார். ஒன்பதுக்கு வால்வை செட் பண்ணித் தர்றேன்.”

அதோடு விடவில்லை. மலிவு மெஷின்களில் வரும் இரட்டை அடி பாஸ்கெட்டை, அதாவது தூள் போடும் கிண்ணத்தை, பற்றியும் பேசினார். அதன் அடியில் ஊசிமுனை அளவு ஒரே ஓட்டை இருக்கும். தூள் கொரகொரப்பாக இருந்தாலும், பழசாக இருந்தாலும் அந்த ஓட்டை வழியே பீய்ச்சி நுரை கிளப்பிவிடும். அது ‘கிரீமா’ எனப்படும், நல்ல எஸ்ப்ரெஸோவின் மேல் தானாக நிற்கும் நுரை இல்லை. “உங்களுக்கு ஒற்றை அடி, 58 மில்லிமீட்டர் பாஸ்கெட்தான் சார் தருவேன்” என்றார். வீடியோ அழைப்பில் ஒரு மெஷினைச் சூடாக்கி, 18 கிராம் தூள் போட்டு, 28 நொடியில் 36 கிராம் இறக்கிக் காட்டினார். சொன்னது அத்தனையும் சரி, காட்டியதும் சரி. விவரம் தெரிந்தவனைப் பிடிக்க விவரத்தையே வலையாக விரிக்கிறார்கள். பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல ஒரு வார்த்தை: “கார்டுல போட்டா கமிஷன் போயிடும் சார். யுபிஐல நேரா அனுப்புங்க, நாப்பதுல ஆயிரத்தைநூறு குறைச்சுக்கறேன்.” கார்டில் கட்டியிருந்தால் வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. நேரடியாக அனுப்பிய யுபிஐ பணத்துக்கு அந்த வழி கிடையாது. அந்த ஆயிரத்தைநூறு தள்ளுபடி இதற்குத்தான்.

இனி மெஷின். வெளியே பளபளவென்று துடைத்திருந்தது. பார்க்க வேண்டிய இடங்கள் உள்ளே இருக்கின்றன.

தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, அடியில் வால்வு உட்காரும் இடத்தில் விரலால் தேயுங்கள். இங்கே அந்த இடத்தில் வெள்ளையாக, சொரசொரப்பாக வளையம் கட்டியிருந்தது. அது சுண்ணாம்பு உப்பு. கடினத் தண்ணீர் ஊற்றி, வற்றி, மறுபடி ஊற்றி என்று நீண்ட நாள் புழங்கினால்தான் அப்படிப் படியும்.

அடுத்தது குரூப் ஹெட். போர்ட்டாஃபில்டரை, அதாவது பாஸ்கெட் உட்காரும் கைப்பிடியை, மாட்டும் தலைப்பகுதியில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும் தகடுதான் ஷவர் ஸ்கிரீன். நிறைய மெஷின்களில் அது நடுவே ஒற்றைத் திருகில் நிற்கும். கழற்றினால் பின்பக்கம் புது மெஷினில் வெறும் உலோகம் தெரிய வேண்டும். இதில் பழுப்பும் கறுப்புமாகக் காபி எண்ணெய் பிசினாக ஒட்டியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாலே சிக்கு வாடை. திருகின் தலையும் ஏற்கெனவே வேறு யாரோ திருப்பித் தேய்ந்திருந்தது.

ஷவர் ஸ்கிரீனைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கட்டில் நகத்தை அழுத்திப் பாருங்கள். புதுசு என்றால் மெத்தென்று கொடுக்கும். சூட்டில் வெந்து பழசானது பிளாஸ்டிக் மாதிரி இறுகி, போர்ட்டாஃபில்டர் விளிம்பு பதிந்த பள்ளம் வட்டமாகத் தெரியும். இன்னொரு அடையாளம்: பெரும்பாலான மெஷின்களில் கைப்பிடியை இடப்பக்கம் செருகி வலமாகத் திருப்புவோம். புது கேஸ்கட்டில் நடுவுக்கு முன்பே, அல்லது நடுவில், இறுகி நின்றுவிடும். இது நடுவைத் தாண்டி வலப்பக்கம் ஓடியது.

ஓட்டிப் பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம். ஷவரில் தண்ணீர் பரவலாக விழாமல் ஒரு ஓரமாக நூல்போல இறங்கியது. பம்பை நிறுத்தியதும் உள்ளே தேங்கிய அழுத்தத்தை மூவழி சோலினாய்டு வால்வு கீழ்த்தட்டுக்கு வெளியேற்ற வேண்டும். சுண்ணாம்புத் துணுக்கு சிக்கினால் அது வேலை செய்யாது. அழுத்தம் உள்ளேயே நிற்கும். நிறுத்திவிட்டோமே என்று கைப்பிடியைக் கழற்றினால் சுடுதண்ணீரும் தூளும் சேர்ந்து முகத்தை நோக்கித் தெறிக்கும். இதில் தெறித்தது. குழந்தைகள் நடமாடும் சமையலறைக்கு இப்படி ஒரு பொருளை ‘புதுசு’ என்று அனுப்ப எப்படி மனசு வருகிறது? ரூ.38,500 வாங்கியதைவிட இதுதான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது.

படங்களும் வீடியோவும் அனுப்பினால் வந்த பதில்களைப் பாருங்கள்.

“தொழிற்சாலைல டெஸ்ட் பண்ணித்தான் சார் அனுப்புவாங்க.” இது பாதி உண்மை. அதனால்தான் இது மோசமான பொய். சோதனைக்காகத் தண்ணீர் ஓட்டுவது உண்டு. அதில் சில துளி ஈரம் மிஞ்சலாம். ஷவருக்குப் பின்னால் காபிப் பிசினோ, தொட்டியில் சுண்ணாம்பு வளையமோ ஒரு சோதனையில் வராது.

“ஆர்ஓ தண்ணி ஊத்துனீங்களா சார்?” ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகவும் குறைந்தால் சில மெஷின்களில் மட்டம் காட்டும் சென்சார் குழம்பும். சுண்ணாம்பு படியாது. இவர் சொல்வது நேர் தலைகீழ்.

“உங்க கிரைண்டு நைசா இருக்கும்.” தூளே போடாமல், கைப்பிடியே மாட்டாமல் ஓட்டிய வீடியோ அது. “உங்க ஏரியால வோல்டேஜ் பிரச்சினை.” வோல்டேஜ் குறைந்தால் சூடாக நேரம் பிடிக்கும், பம்ப் சோர்ந்து ஓடும். கேஸ்கட்டில் பள்ளம் விழாது.

அப்புறம் “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க.” யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் “பெட்டி பிரிச்சா ரிட்டர்ன் இல்லை, பில்லுல போட்டிருக்கோம்.” பிரிக்காமல் ஷவர் ஸ்கிரீனை எப்படிப் பார்ப்பதாம்? கடைசியில், மெஷினை நம் செலவில் கொரியர் செய்யச் சொன்னார்கள். மெஷினைத் தயாரித்த கம்பெனியின் சேவை மையத்திடம் சீரியல் எண்ணைக் கொடுத்துக் கேட்டதில், அந்த எண்ணுக்கு வாரண்டி முன்பே முடிந்துவிட்டது என்று எழுத்திலேயே பதில் வந்தது. அதைக் கடைக்கு அனுப்பியதும் என் போன் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். ரூ.38,500 அங்கே, பழைய இரும்பு இங்கே.

பெட்டி பிரித்தால் திரும்ப எடுக்க மாட்டோம் என்று பில்லில் அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020 இருக்கின்றன. பொருள் குறையுள்ளது என்றாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை என்றாலோ விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் பதிந்தாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான்.

எந்த மெஷின் வாங்கலாம் என்று விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசு நிதானத்தில் இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

பணம் கட்டுவதற்கு முன்பே சீரியல் எண்ணைப் படத்தோடு வாங்கி, தயாரித்த கம்பெனியிடம் நேரே கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இறக்குமதி மெஷின் என்றால் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், தயாரான நாடும், எம்ஆர்பியும் இருக்க வேண்டும். மின் விவரத் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மெஷினை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம் என்பார்கள். வோல்டேஜ் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. அதிர்வு பம்ப் அந்த ஹெர்ட்ஸை நம்பித்தான் ஓடுகிறது. 1,400 வாட்டுக்கு மேல் என்றால் 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள், 16 ஆம்பியர் வேண்டும்.

மொத்தப் பணத்தையும் மெஷினில் போடாதீர்கள். பர் கிரைண்டர், அதாவது பல் வைத்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே கொட்டையைச் சீராக அரைக்கும் கருவி, இல்லாமல் ஒற்றை அடி பாஸ்கெட் இருந்து பிரயோஜனம் இல்லை. பிளேடு மிக்ஸியில் அரைத்த தூள் அங்கே சரிப்படாது. சிக்கரி கலந்த ஃபில்டர் காபித்தூளைத் தயவுசெய்து இந்த மெஷினில் போடாதீர்கள். சிக்கரி தண்ணீரில் ஊறிப் பசையாகி பாஸ்கெட்டை அடைத்துவிடும். அந்தக் காபிதான் வேண்டும் என்றால் எவர்சில்வர் ஃபில்டரே போதும், அதைவிட நன்றாக எந்த மெஷினும் இறக்கித் தராது.

பெட்டியின் டேப்பை அறுப்பதிலிருந்து ஷவர் ஸ்கிரீனைக் கழற்றுவதுவரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். தொட்டியில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஊற்றிவிட்டால் கறை உங்களுடையது என்பார்கள். யுபிஐயில் அனுப்பினால் தள்ளுபடி என்று யார் சொன்னாலும் கட்டாதீர்கள், கார்டில் மட்டும் கட்டுங்கள். இதே மாதிரி 9 பார் பேச்சு பேசி, வீடியோ அழைப்பில் 18 கிராம் போட்டுக் காட்டிய கடையில் வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே ஷவர் ஸ்கிரீனைக் கழற்றிப் பாருங்கள்.