கூர்க் பரபொளே ராஃப்டிங்: கைடுக்கு முழு மதிப்பெண், ஹெல்மெட்டுக்கு இல்லை

ஆடி மாதம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஐந்து பேர் ஒரே காரில் கிளம்பி, தெற்குக் கூர்க்கில் இருக்கும் பரபொளே ஆற்றில் ராஃப்டிங் (ரப்பர் படகில் துடுப்பு போட்டு ஆற்று ஓட்டத்தோடு இறங்குவது) போய் வந்தோம். திம்பம் மலைப்பாதையில் இரவில் விடமாட்டார்கள் என்பதால் விடிகாலையிலேயே பண்ணாரி செக்போஸ்ட்டுக்குப் போய்விட்டு, 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாம்ராஜ்நகர், மைசூர், ஹுன்சூர், கோணிகொப்பல் என்று போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. அன்று தங்கிவிட்டு மறுநாள் காலைதான் ஆற்றில் இறங்கினோம்.

இது முழுக்க மழையை நம்பி ஓடும் ஆறு. பிரம்மகிரி மலையிலிருந்து மேற்கே கேரளாவுக்குள் இறங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ராஃப்டிங், மற்ற மாதங்களில் வெறும் பாறைதான் இருக்கும். அகலமும் குறைவு. ஒகேனக்கல் பரிசல் மாதிரி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது, பாறைக்கும் பாறைக்கும் நடுவே ராஃப்டைத் திருப்பித் திருப்பி ஓட்டவேண்டும், அதில் நம் ஐந்து பேர் துடுப்பும் ஒன்றாக விழவேண்டும்.

நாங்கள் எல்லோரும் எங்கள் ஊர்த் தடப்பள்ளி வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவர்கள், அதனால் கரையில் பாடம் எடுத்தபோது முதலில் அவ்வளவாகக் காது கொடுக்கவில்லை. நண்பர் ஒருவர் "ஏனுங்க, ஆழம் எவ்வளவு இருக்குமுங்க?" என்று கேட்டார். கைடுக்குத் தமிழ் அரைகுறைதான். "ஆழம் இல்லை அண்ணா, கல்லு பாருங்க" என்றார். அப்புறம் முக்கால் மணி நேரம் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் செய்யவைத்தார். துடுப்பின் மேல்பிடியை எந்த நேரமும் உள்ளங்கைக்குள் மூடியே வைக்கவேண்டும், விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போகும். ராஃப்ட் பாறையில் பக்கவாட்டில் மோதினால் பாறையை நோக்கித்தான் சாயவேண்டும். விலகிச் சாய்ந்தால் மேலிருந்து வரும் தண்ணீர் அந்தப் பக்க விளிம்பை அமுக்கி ராஃப்டையே கவிழ்த்துவிடும். தண்ணீரில் விழுந்தால் மல்லாக்கப் படுத்து, கால் இரண்டையும் ஓட்டம் போகும் பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைக்கவேண்டும். எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் கால் சிக்கினால் தண்ணீர் ஆளை முன்னால் தள்ளி அமுக்கிவிடும்.

மூன்றாவதோ நான்காவதோ ரேபிட்டில், அதாவது தண்ணீர் பாறைகளுக்கு நடுவே வேகமாகப் பாயும் இடத்தில், இதெல்லாம் நடந்தது. ராஃப்ட் பக்கவாட்டில் போய்ப் பாறையில் ஒட்டிக்கொண்டது, பயத்தில் இரண்டு பேர் பின்னால் சாய்ந்தோம், முன்னால் இருந்த நண்பர் தண்ணீரில் விழுந்துவிட்டார். கைடு எங்களைப் பாறைப் பக்கம் இழுத்துத் தள்ளிக்கொண்டே, கீழே பாறை மேல் நின்ற அவர்களுடைய ஆளுக்கு விசில் கொடுத்தார். அந்த ஆள் வீசிய கயிற்றுப் பை (உள்ளே கயிறு வைத்து, விழுந்தவர் பிடித்துக்கொள்ள வீசும் பை) சரியாக நண்பரின் தோள் மேல் விழுந்தது. மேலே வந்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "மாப்ளே, எந்திரிச்சு நிக்கத்தான்டா பார்த்தேன், பாடம் ஞாபகம் வந்துச்சு." அந்தக் கைடையும் கயிற்றுக்காரரையும் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டேன்.

ஆனால் நண்பர் விழுந்தபோது அவருடைய ஹெல்மெட் நெற்றியிலிருந்து பின்னால் நழுவிவிட்டது. தாடைக் கிளிப் தேய்ந்துபோன பழைய ஹெல்மெட், கிளம்பும்போதே சொன்னோம், "பரவாயில்லை, பிடிக்கும்" என்றார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கும் இடத்தில், பாறை நிறைந்த ஆற்றில், இதை மன்னிக்கவே முடியாது. போட்டோவுக்குத் தனிக் காசு, அதுகூடப் போகட்டும். பெண்கள் உடை மாற்றச் சரியான அறை இல்லை, தார்ப்பாய் கட்டிய மறைப்புதான், குடும்பத்தோடு போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புக் செய்யும் முன் போனில் இரண்டே கேள்வி கேளுங்கள்: கரையில் எவ்வளவு நேரம் பழக்குவீர்கள், ராஃப்ட் போகும்போது கீழே கயிற்றோடு ஆள் நிற்பாரா. பதில் இழுத்தால் நூறு ரூபாய் குறைவு என்றாலும் வேண்டாம். ஹெல்மெட்டைப் போட்டுக் கிளிப்பை மாட்டித் தலையை ஆட்டிப் பாருங்கள், நகர்ந்தால் வேறு ஹெல்மெட் கேட்டு வாங்காமல் ஆற்றுக்குக் கிளம்பாதீர்கள். செருப்பு உதவாது, பின்னால் பட்டை இருக்கும் சாண்டலோ பழைய ஷூவோ போதும். கரையில் அட்டைப்பூச்சி ஏறும், உப்பு கொண்டுபோங்கள். ஈரத் துணி போட வீட்டில் கிடக்கும் உரச்சாக்கு ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள், எங்கள் கார் சீட் இன்னும் காயவில்லை.