விற்பவர் காட்டிய படம் வேறொரு கேமராவில் எடுத்தது: பழைய கேமரா வாங்குவோர் கவனத்துக்கு

சென்னையில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடையில், கடந்த டிசம்பரில், நிக்கான் டி7200 பாடியையும் (லென்ஸ் இல்லாத கேமரா) 200-500 மி.மீ. லென்ஸையும் (மி.மீ. எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது நெருக்கமாகத் தெரியும்) சேர்த்து 98,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தப் பணத்துக்கு உரிய பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் கையாண்ட முறை எந்தக் கடையிலும், விளம்பரம் கொடுத்து விற்கும் எந்தத் தனிநபரிடமும் நேரக்கூடியது என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

எதை வாங்குவது என்ற தேர்வில் பிழை செய்ததாக இன்றும் நான் நினைக்கவில்லை. வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் கரையில்தான் நிற்க முடியும். என்னிடம் இருந்த 70-300 மி.மீ. லென்ஸில் மஞ்சள்மூக்கு நாரைகூட ஒரு சிறு பொட்டாகத்தான் விழுந்தது. சில ஆயிரங்களுக்குக் கிடைக்கும் 420-800 மி.மீ. லென்ஸை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். அதில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, அபர்ச்சரோ (ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் கூடினால் ஒளி குறையும்) எஃப் 8.3-இல்தான் தொடங்குகிறது, ஆகவே பறக்கும் பறவைக்கு அது உதவாது. பழைய 300 மி.மீ. எஃப் 4 லென்ஸ் ஒன்றும் மலிவாக வந்தது. அதற்குள் ஃபோகஸை நகர்த்தும் மோட்டார் இல்லை என்பதால், தாமும் மோட்டார் இல்லாத டி3000, டி5000 வரிசை பாடிகளில் அதைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ("எல்லாம் தானா ஃபோகஸ் ஆகும் சார்" என்று சொல்லிக்கொண்டே டி5600-ஐ என் கையில் கொடுத்தவரும் உண்டு.) கடைசியில், பணத்தின் பெரும்பகுதியை லென்ஸுக்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தபோது, 2015-இல் வெளிவந்த இந்த இரண்டும் பொருத்தமாகப் பட்டன. டி7200-இன் சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) சிறியது என்பதால், 500 மி.மீ. லென்ஸ் அதில் 750 மி.மீ. அளவுக்குக் காட்சியை நெருக்கிக் காட்டும்.

ஷட்டர் கவுன்ட், அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற கணக்கு, எவ்வளவு என்று தொலைபேசியில் கேட்டதும், அன்று எடுத்த படம் என்று சொல்லி, கடைவாசலின் படம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் எக்ஸிஃப் விவரங்கள் (படக் கோப்புக்குள் கேமரா தானே பதிந்துவைக்கும் குறிப்புகள்; கவுன்ட்டும் இதில்தான் இருக்கும்) அழிந்துவிடும் என்பதால், மின்னஞ்சலில் கேட்டது நான்தான். கேட்டதை எண்ணிக் கொஞ்சம் பெருமையும் பட்டேன். அந்தப் படம் 18,212 என்று காட்டியது. டி7200-இன் ஷட்டரை நிறுவனம் 1,50,000 முறை இயக்கிச் சோதித்திருக்கிறது. ஆகவே கேமரா ஏறக்குறைய புதிது என்று மகிழ்ந்தேன். அதே எக்ஸிஃப்பில் கேமராவின் வரிசை எண்ணும் பதிவாகியிருந்தது. அதைப் பாடியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணுடன் ஒப்பிட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வாரம் கழித்து நானே எடுத்த படத்தைத் திறந்து பார்த்தபோது கவுன்ட் 1,41,630 என்றிருந்தது. வரிசை எண்களும் வேறு வேறு.

லென்ஸ் விஷயம் இதைவிட மோசம். கடைக்குள் ஏழெட்டு அடி தூரத்தில் தொங்கிய நாட்காட்டியை 200 மி.மீ.-இல், எஃப் 8-இல் எடுத்து, கேமராவின் சிறு திரையில் படத்தின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்கள். அப்படி எடுத்தால் பழுதான லென்ஸும் கூர்மையாகத்தான் தெரியும். வேடந்தாங்கலில் 500 மி.மீ.-இல், எஃப் 5.6-இல் எடுத்த படங்களில், வலப்பக்கம் அமர்ந்திருந்த கரண்டிவாயன்கள் அனைத்தும் ஈரத்துணியால் துடைத்த ஓவியம் போல் கலங்கியிருந்தன. அதே தூரத்தில் இடப்பக்கம் இருந்தவை தெளிவாக இருந்தன. சேவை மையத்தில் கொடுத்தபோது, மவுன்ட்டில் (லென்ஸ் கேமராவுடன் பொருந்தும் வளையம்) உள்ள திருகுகளின் தலை தேய்ந்திருப்பதைக் காட்டி, பூஞ்சை துடைப்பதற்காக யாரோ லென்ஸைக் கழற்றி, உள்ளே ஒரு கண்ணாடியைச் சரியாக உட்கார வைக்காமல் மூடியிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். கடைக்காரரோ, ஃபைன் டியூன் (ஆட்டோ ஃபோகஸைச் சற்றே முன்பின் நகர்த்தும் கேமரா அமைப்பு) செய்தால் போதும் என்றார். படம் முழுவதும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விலகியிருந்தால்தான் ஃபைன் டியூன் உதவும்; ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் அதனால் ஒரு பயனும் இல்லை.

இப்போது என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு சோதனையைத்தான் சொல்கிறேன். விரித்த செய்தித்தாளை வெளிச்சமான சுவரில் ஒட்டி, 15 மீட்டர் தள்ளி, ட்ரைபாடில் வைத்து, விஆர்-ஐ (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி) அணைத்து, நீண்ட முனையில் (லென்ஸின் மிகப் பெரிய மி.மீ. எண்ணில்), முழுத் திறப்பில் (மிகச் சிறிய எஃப் எண்ணில்) எடுத்து, நான்கு மூலைகளையும் மடிக்கணினியில் படித்துப் பாருங்கள். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தால், பூஞ்சை இருந்தால் சிலந்தி இழை போலத் தெரியும். தெருவில் நின்று இதைச் செய்ய விற்பவர் ஒப்பவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

பில் விஷயத்திலும் தவறினேன். பாதிப் பணத்தை யுபிஐ-யிலும் பாதியை ரொக்கமாகவும் கொடுத்துவிட்டு, வரிசை எண் எதுவும் இல்லாத ஒரு துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் என் கையில் இருக்கும் பொருளைத்தான் அவர்கள் விற்றார்கள் என்பதை அந்தச் சீட்டு சொல்லவில்லை. வங்கிக் கணக்கில் இருப்பதும் பாதித் தொகைக்கான சான்றுதான். கடைக்காரர் 10,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது.

சென்ற வாரம் நண்பர் ஒருவர், பெயரை மாற்றிச் சொல்லி, அதே கடையில் வேறொரு டி7200-க்கு ஷட்டர் கவுன்ட் கேட்டார். அவருக்கும் அன்று எடுத்ததாகச் சொல்லி அதே கடைவாசல் படம் வந்தது, கவுன்ட் 18,212.