ஆட்டத்துக்கு முன்னா, பின்னா? செந்தூல் ராக் மியூசிக்கலும் இரவுச் சாப்பாடும்

செந்தூல் கேஎல்பேக்கில் (கோலாலம்பூர் நிகழ்கலை மையம்) ராக் மியூசிக்கல், இரவு 8.30 ஆட்டம், டிக்கெட்டும் வாங்கியாச்சு. பிரிக்பீல்ட்ஸில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவதா, ஆட்டம் முடிந்து மாமாக் கடையில் உட்காருவதா என்பதுதான் பாக்கி. எங்கள் ஓட்டு பின்னதற்கு.

ருசி என்று பார்த்தால் இலைச் சாப்பாடு ஜெயிக்கும். ராத்திரி 11 மணி மீ கோரெங் அதன் பக்கத்தில்கூட நிற்காது. செலவில் பெரிய வித்தியாசமில்லை. இழுபறி எல்லாம் நேரத்தில்தான்.

முதலில் சாப்பிடுகிறவரின் மாலையை எண்ணிப் பாருங்கள். 6.15-க்கு இலை முன்னால் உட்கார்ந்தால், ரசம், மோர், பாயசம் என்று எழுந்திருக்க 7.15. கேஎல் சென்ட்ரலுக்கு நடந்து பிளாட்பாரம் சேர 15 நிமிடம். பத்துமலை போகும் கேடிஎம் கொமுட்டர் ரயிலை நூலிழையில் தவறவிட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா, செந்தூல் என்று நாலாவது நிறுத்தம். அதற்கு ஒரு 20 நிமிடம் வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனிலிருந்து அரங்கத்துக்கு நடையோ குட்டி கிராப்போ, இன்னொரு 15. கூட்டினால் 8.35. ரயில் உடனே கிடைத்தால் பிழைத்தீர்கள். காரில் போகலாமே என்றால், வெள்ளிக்கிழமை 7 மணி ஜாமில் மழையும் சேர்ந்தால் ரயிலே தேவலாம் என்றாகிவிடும்.

5 நிமிடம்தானே என்று நினைக்கக்கூடாது. சிறிய அரங்கத்தில் கதவு மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதைத் திறந்தால் லாபி வெளிச்சம் நடிகர் முகத்தில் விழும். நகர்ந்து வழிவிடுவது வரிசை முழுவதற்கும் தெரியும். அதனால்தான் தாமதமாக வருபவர்களைக் கைதட்டல் எழும் இடைவெளி வரை வெளியே நிறுத்துகிறார்கள். ராக் மியூசிக்கலில் முதல் பாட்டுதான் ஊரையும் ஆட்களையும் அறிமுகப்படுத்தும். அதைக் கோட்டைவிட்டவர் இடைவேளை வரை பக்கத்து இருக்கையிடம் "இது யாரு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

வயிறும் சேர்ந்துகொள்ளும். சோறு நிறையத் தின்றுவிட்டு, ஏர்கண்டிஷன் இருட்டில் இரண்டே கால் மணி நேரம். கிட்டாரே எழுப்பிவிடும் என்பார்கள். வேகப் பாட்டுக்கு அது சரி, இரண்டாம் பாதியின் மெதுவான பாட்டுக்குச் செல்லாது.

பின்னால் சாப்பிடுவதற்கும் ஒழுங்கு உண்டு. வெறும் வயிற்றோடு போகக்கூடாது. 6.45-க்குள் செந்தூல் வந்துவிட்டு, ஒட்டுக்கடையிலோ மாமாக்கிலோ இரண்டு தோசை, அல்லது ஒரு ரொட்டி சானாய், ஒரே ஒரு தே தாரிக். இரண்டாவது கிளாஸ் வேண்டாம்: இடைவேளை சுமார் 15 நிமிடம், கழிப்பறை வரிசை அதைவிட நீளம். 8 மணிக்கு லாபியில் இருந்தால் பழைய ரயில் கிடங்கை 2005-இல் எப்படி அரங்கமாக்கினார்கள் என்று நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். ரயில் பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் செந்தூலில் ஏராளம். வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு இதுவே ஒரு காட்சி.

மிச்ச நேரத்தை இருக்கைக்கும் பயன்படுத்தலாம். கேஎல்பேக்கில் பெந்தாஸ் 1 சுமார் 500 பேர் அமரும் அரங்கம். பெந்தாஸ் 2 அதில் பாதிகூட இருக்காது. சின்ன அறையில் டிரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை, தானாகவே அறை முழுக்க அடிக்கும். பாடுபவர் குரலை அதற்கு மேல் ஏற்றுவதால் மொத்தச் சத்தமும் கூடும். இடத்தை நாமே தேர்ந்துகொள்ளும் ஆட்டம் என்றால் ஒலிக்கலவை மேசைக்குப் பக்கம் போங்கள். கலக்குபவர் காதுக்குச் சரியாக இருப்பதுதான் உங்களுக்கும் கேட்கும். 85 டெசிபெல் சத்தத்தை 8 மணி நேரம் தாங்கும் காதுக்கு 100 டெசிபெல் 15 நிமிடம்தான் பாதுகாப்பு. பார்மசியில் விற்கும் பஞ்சுபோன்ற காதடைப்பு சில வெள்ளிதான். ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் நடப்பதுதான் எங்களைப் பின்னால் சாப்பிடும் பக்கம் சாய்த்தது. 10.50-க்கு அரங்கமே ஒரே நேரத்தில் கிராப் தட்டும். கட்டணம் ஏறும், வண்டி வராது. நடந்து போய் மாமாக்கில் உட்கார்ந்து, நாசி கோரெங்கும் தே ஓ-வும் முடித்து 11.45-க்குத் தட்டினால் பெரும்பாலும் விலை இறங்கியிருக்கும். அதுவரை எந்தப் பாட்டு தூக்கியது, எது இழுத்தது என்று சண்டை போடலாம். முதலில் சாப்பிட்டவர்கள் அந்தச் சண்டையைக் காருக்குள் போட வேண்டும். ரயிலில் திரும்புகிறவர்கள் மட்டும் கடைசி ரயில் நேரத்தை வரும்போதே பார்த்துவிடுங்கள். அதற்கு இடிக்கும் என்றால் மாமாக்கில் தப்பாவ்தான்.

இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்கள், நெஞ்செரிச்சல்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்றால் முன்னால் சாப்பிடுவதே சரி. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் வேண்டாம், செந்தூலிலேயே 6.30-க்குள் முடித்துவிடுங்கள்.

பினாங்குக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கிப்போக முடியாது. அங்குள்ள நிகழ்கலை மையமான பினாங்பேக் இருப்பது தஞ்சோங் தோக்கோங் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ கடலோர வளாகத்தில். ரயில் கிடையாது, ஆனால் வளாகத்திலேயே சாப்பாட்டுக் கடைகள் இருப்பதால் முன்னால் சாப்பிட்டாலும் நேரம் அவ்வளவாக இடிக்காது. லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் அதே 8.35 தலைவலி.

இலையை விடவே மாட்டேன் என்பவர்களுக்கு ஞாயிறு பிற்பகல் 3 மணி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 12 மணிக்கு பிரிக்பீல்ட்ஸில் இலை, 1.15-க்கு ரயில், ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் நேரம் மிஞ்சும். மெதுவான பாட்டில் தூங்கினால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.