கொரில்லா பார்க்கப் போகும் பையில்: கம்பூட்டா, ட்ரெக்கிங் ஷூவா?

உகாண்டாவின் பிவிண்டி காட்டில் மலைக் கொரில்லா பார்க்க ஒருவருக்குப் பெர்மிட் 800 டாலர். எல்லை தாண்டி ருவாண்டா பக்கம் போனால் 1,500. தேடி நடப்பது அரை மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். கண்ட பிறகு கூட இருக்க விடுவது ஒரே ஒரு மணி நேரம்தான். அந்த நேரத்தில் போய் ஷூவுக்குள் தண்ணீர் சொதசொதக்கிறது, கை அரிக்கிறது என்று நின்றால் வயிறு எரியும். நானும் மச்சானும் பிவிண்டியின் ருஷாகா பகுதியில் ஒரே நாளில் ஏறினோம், ஆனால் ஆளுக்கொரு விதமாக மூட்டை கட்டியிருந்தோம். அதனால் எது உதவியது, எது வெறும் சுமை என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

கால்தான் முதல் விஷயம். நான் கணுக்கால் வரை மூடும் ட்ரெக்கிங் ஷூ, மச்சான் முழங்கால் வரை வரும் ரப்பர் கம்பூட். கூட வந்த ரேஞ்சர்களும் கம்பூட்தான் போட்டிருந்தார்கள், அதைக் காட்டிக் காட்டியே என்னைக் கிண்டல் செய்தான். சேற்றில் அவன் சொன்னதுதான் சரி: நான் கல் தேடித் தாண்டிக்கொண்டிருந்த ஓடையை அவன் நேராக மிதித்துக் கடந்துவிட்டான். ஆனால் பிவிண்டியில் பாதி நேரம் கால் மண்ணிலேயே படாது, செடியும் கொடியும் பின்னிக் கிடக்கும் மெத்தை மேல்தான் நடக்க வேண்டும், அதுவும் செங்குத்துச் சரிவில். அங்கே கம்பூட்டுக்குள் கணுக்காலுக்குப் பிடிப்பே இல்லை. இறங்கும்போது விரல்கள் முன்னால் போய் முட்டி, சாயங்காலம் அவன் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. தினமும் அதைப் போட்டே நடப்பவர்களுக்குச் சரி, நமக்கு ஷூதான். ஆனால் புது ஷூ வேண்டாம், ஒரு மாதமாவது போட்டுப் பழகியது வேண்டும்.

ஷூ போட்டால் அப்புறம் எறும்பைத் தடுக்க வழி பார்க்க வேண்டும். சாரைசாரையாகப் போகும் சஃபாரி எறும்பு ஒருமுறை பேண்டுக்குள் ஏறிவிட்டால் மானம் மரியாதை பார்க்க மாட்டீர்கள். காசு கொடுத்து, ஷூவையும் பேண்டின் கீழ்ப்பகுதியையும் சேர்த்து மூடும் கெய்ட்டர் வாங்கலாம், அல்லது கால்பந்து ஆடுபவர்கள் போடும் நீள சாக்ஸை பேண்டுக்கு மேலே இழுத்துவிடலாம். நான் சாக்ஸ்தான் போட்டேன், ஒன்றுகூட ஏறவில்லை.

கையுறையில் போட்டியே கிடையாது. மச்சான் விலை கூடிய மெல்லிய ஸ்போர்ட்ஸ் கையுறை கொண்டுவந்தான், என்னுடையது தோட்ட வேலைக்குப் போடும் முரட்டுக் கையுறை. நம் காஞ்சொறி மாதிரியே சுணை உள்ள செடி அங்கே நிறைய உண்டு. வழுக்கும்போது கை தானாகப் போய் அதைத்தான் பிடிக்கும். அவனுடைய மெல்லிய துணியைத் தாண்டிச் சுணை இறங்கியது. அதோடு கிண்டல் நின்றது.

மழைக்குப் போஞ்சோவா ஜாக்கெட்டா? தலைவழியாகப் போர்த்திக்கொள்ளும் போஞ்சோ பையையும் சேர்த்து மூடும், மலிவு, ஆனால் முள்ளில் மாட்டி மாட்டிக் கிழியும். ஜாக்கெட் எடுங்கள், பைக்குத் தனி உறை போடுங்கள். மழைக்காலம் இல்லை என்று நம்பி விட்டுவிட வேண்டாம், அது மழைக்காடு. ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது. ராணுவ உடை மாதிரி திட்டுத் திட்டாக நிறம் போட்ட துணியை உகாண்டாவில் பொதுமக்கள் போடுவதற்கே தடை.

கேமராவில்தான் நான் கோட்டைவிட்டேன். தூரத்து விலங்கு என்று நினைத்து, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 100-400 மி.மீ. லென்ஸ் சுமந்து போனேன். விதிப்படி 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவு பெரிய உருவத்துக்கு அது தூரமே இல்லை. மர நிழலில் வெளிச்சம் குறைவு, ஃபிளாஷ் கூடாது, ஆக எனக்குப் பாதிப் படம் கலங்கல். 70-200 லென்ஸ், அதுவும் வெளிச்சத்தை அதிகம் உள்ளே விடும் எஃப் 2.8 என்றால் போதுமானது. இன்னொன்று, கறுப்பு ரோமத்தைப் பார்த்துக் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் வெளிறடித்துவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, ஒரு படி குறைத்துவையுங்கள். மச்சான் செல்போனில் எடுத்த வீடியோதான் வீட்டில் எல்லோரும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். ஒரு குட்டி தாயின் முதுகிலிருந்து வழுக்கி விழுந்து, யாராவது பார்த்துவிட்டார்களா என்பது போலத் திரும்பிப் பார்க்கும்.

முகக்கவசம் இரண்டு எடுங்கள், ஒன்று வியர்வையில் நனைந்துவிடும். நம் சளி கொரில்லாக்களுக்கும் ஒட்டும் என்பதால் அது கட்டாயம், காய்ச்சல் இருமலோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக, பையை நாமே சுமப்பதா, போர்ட்டர் வைப்பதா. 15 முதல் 20 டாலர் வரை ஆகும், வருவது சுற்றுக் கிராமத்து ஆள். 'எனக்கென்ன, நானே தூக்குவேன்' என்று மச்சான் வீராப்பாகக் கிளம்பினான். இரண்டாவது ஏற்றத்தில் என் போர்ட்டர் ஒரு கையில் என் பையும் இன்னொரு கையில் அவன் மணிக்கட்டுமாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார். டிப்ஸுக்குச் சில்லறை டாலர் நோட்டாக எடுத்துப் போங்கள், 2009-க்கு முன் அச்சான பழைய நோட்டு என்றால் அங்கே வாங்கத் தயங்குவார்கள்.